நினைவின் இயல்பு: உளவியலார் கண்டவை

நினைவு யாது என வினவினால், கண்டதையும் கேட்டதையும் மனத்தில் சேர்த்து வைப்பதே நினைவு என்று நம்மில் பெரும்பாலோர் விடை கூறுவோம். குதிரில் கொட்டிய நெல் குதிரிலேயே கிடக்கும், வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம், எடுக்கும் நெல் நாம் கொட்டிய அதே நெல்லாக இருக்கும். மனத்தில் இருத்திய செய்தியும் அவ்வாறே என்பது பொதுவான எண்ணம்.

இவ்வெண்ணத்தை அடிப்படையாகக் கொண்டு நாம் நாள்தோறும் பலரைத் தீர்ப்பிட்டு வருகிறோம். நேற்றுப் படித்த பாடத்தை இன்று மறந்த பிள்ளையைக் கவனமற்றவன் என்கிறோம். பாகப்பிரிவினையின்போது தந்தையார் வாய்மொழியாகக் கூறியதைத் தமையன் ஒருவாறும் தம்பி வேறொருவாறும் சொன்னால், இருவருள் ஒருவர் பொய்யர் என்று முடிவு கட்டுகிறோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் நடந்த திருமணத்தைப் பந்தி வரிசையோடு கூறும் பாட்டியார், காலையில் உண்ட மருந்தை மறந்தால் அவர் வேண்டுமென்றே அவ்வாறு செய்கிறார் என ஐயுறுகிறோம். உளவியலார் ஏறத்தாழ 140 ஆண்டுகளாகச் செய்துவரும் ஆராய்ச்சி, இந்தக் குதிர் உவமையை ஏற்கவில்லை. அவர்கள் கண்டவற்றுள் நம் இல்லங்களுக்கு இன்றியமையாத சிலவற்றை இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

இத்துறையில் எலி முதலிய உயிர்களை வருத்திச் செய்த சோதனைகளும் பல உண்டு. அவற்றை நாம் இங்கு எடுத்தாளவில்லை. மனிதரிடத்தே கண்டறியப்பட்டவையே நமக்குப் போதுமானவை.

மறதியை அளந்தவர்

நினைவை முதன்முதலில் எண்ணால் அளந்தவர் ஜெர்மன் நாட்டு அறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் ஆவார். அவர் பிறரைச் சோதிக்கவில்லை; தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டார். பொருள் உள்ள சொற்களாயின் முன்னறிவு உதவிவிடும் என்று கருதி, பொருளற்ற ஓரசைச் சொற்கள் ஏறத்தாழ 2300 உருவாக்கினார். அவற்றை வரிசை வரிசையாக மனப்பாடம் செய்து, இடைவெளி விட்டு மீண்டும் அதே வரிசையைக் கற்றார். இரண்டாம் முறை கற்க எவ்வளவு உழைப்பு மிச்சமாயிற்று என்று கணக்கிட்டார். 1885-ஆம் ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் கூறும் கணக்கு இது: ஒரு மணி நேரத்திற்குள் பாதிக்கு மேல் கழிந்துவிடுகிறது, ஒரு நாள் சென்றபின் மூன்றில் ஒரு பங்கே எஞ்சுகிறது, ஆனால் ஒரு திங்கள் கடந்த பின்னும் ஐந்தில் ஒரு பங்கு நிற்கிறது.

அதாவது, மறதி முதல் நாளில் வெள்ளம்போல் பாய்கிறது. பின்னர் மெல்லக் கசிகிறது. மாலையில் படித்ததைக் காலையில் பெரும்பகுதி மறப்பது மனித மனத்தின் பொது இயல்பு. பொருள் உள்ள பாடங்கள் இவ்வளவு விரைவில் அழிவதில்லை என்பதையும் சேர்த்துக் கூற வேண்டும்.

எபிங்ஹாஸ் கண்ட இன்னொரு செய்தி பெற்றோர்க்கு மிகவும் வேண்டுவது. ஒரே நாளில் 68 முறை திருப்பிப் படித்துப் பெற்ற பயனை, மூன்று நாள்களில் பிரித்து 38 முறை படித்தே அவர் பெற்றார். தேர்வுக்கு முந்திய இரவு முழுதும் விழித்துப் படிக்கும் வழக்கம் எவ்வளவு உழைப்பை வீணாக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

குறுகிய வாயில்

புதிய செய்தி நெடுங்கால நினைவில் சேருமுன் ஒரு குறுகிய வாயிலைக் கடந்தாக வேண்டும். இதனைக் குறுங்கால நினைவு என்பர். கணக்கிடுதல், சிந்தித்தல் ஆகிய பணிகளும் அங்கேயே நிகழ்வதால் செயல் நினைவு என்றும் வழங்குவர். 1956-ஆம் ஆண்டு ஜார்ஜ் மில்லர் என்னும் அமெரிக்க உளவியலார், ஒருவர் ஒரு வேளையில் ஏறத்தாழ ஏழு கூறுகளையே மனத்தில் தாங்க முடியும் என்று எழுதினார். நெல்சன் கோவன் என்பார் 2001-இல் அதனையும் குறைத்து, நான்கு அளவே என்றார். அதுவும் நிலைத்து நிற்பதன்று. 1959-இல் பீட்டர்சன் தம்பதியர் செய்த சோதனையில், மூன்று எழுத்துகளைக் கேட்டவர்களை உடனே ஓர் எண்ணிலிருந்து மும்மூன்றாகக் குறைத்து எண்ணச் செய்தனர். எழுத்துகளை மனத்துள் உருப்போட வழியில்லாமற் போயிற்று. 18 விநாடிகள் கழித்து வினவியபோது அவ்வெழுத்துகளைச் சரியாகக் கூற முடிந்தது பத்தில் ஒரு முறை அளவே. பிள்ளையிடம் நான்கு வேலைகளை ஒரே மூச்சில் ஏவிவிட்டு, மூன்றாவதை மறந்தான் எனக் கடியும் தாய்மார் இதனைக் கருத்தில் கொள்வாராக.

வாயில் இத்துணைச் சிறிதாயின், அவதானக் கலைஞர் நூறு செய்திகளை எங்ஙனம் ஏந்தினர் என்ற வினா எழும். நம் சமயத்தைச் சார்ந்த ஸ்ரீமத் ராஜசந்திரர் இளமையிலேயே சதாவதானியாகப் புகழ் பெற்றவர். 1891-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பிய காந்தியடிகள், தாம் அறிந்த ஐரோப்பிய மொழிச் சொற்களையெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவரிடம் கூறினார். அவர் அவற்றைக் கொடுத்த வரிசை பிறழாமல் திருப்பிச் சொன்னார் என்று காந்தியடிகளே தம் சுயசரிதையில் எழுதியுள்ளார். அத்தகைய ஆற்றலை மேடையில் காட்டுவதை ராஜசந்திரர் விரைவிலேயே கைவிட்டார் என்பதும், காந்தியடிகளை அவர்பால் ஈர்த்தது அவ்வாற்றலைவிட அவருடைய ஒழுக்கமே என்பதும் நாம் அறிந்தவையே.

அமெரிக்காவில் 1980-இல் வெளியான ஓர் ஆய்வு இங்கு நினைக்கத் தக்கது. சராசரி நினைவாற்றல் உடைய ஒரு கல்லூரி மாணவர், ஏறத்தாழ 20 திங்கள்களில் 230 மணி நேரம் பயின்று, ஒருமுறை கேட்ட 79 எண்களை வரிசையாகக் கூறும் நிலையை அடைந்தார். தொடக்கத்தில் அவரால் ஏழு எண்களையே கூற முடிந்தது. அவர் ஓட்டப் பந்தய வீரர். கேட்ட எண்களை மூன்றும் நான்குமாகச் சேர்த்து, இன்ன தொலைவை இவ்வளவு நேரத்தில் ஓடியது என்று பொருள் கொடுத்துக் கட்டிக்கொண்டார். ஆனால் எண்களுக்கு மாறாக எழுத்துகளைக் கொடுத்தபோது, பழையபடி ஆறு அளவிலேயே நின்றுவிட்டார்! வாயில் அகலவில்லை, மூட்டை கட்டும் திறன்தான் வளர்ந்தது. இவ்விளக்கத்தை ராஜசந்திரருக்குப் பொருத்தி நாம் கூறவில்லை. பொருள் அறிந்து தொகுத்துக்கொள்வதே நினைவின் வலிமை என்பதைக் காட்டவே கூறினோம்.

ஒரு மனிதர் இழந்ததும் இழக்காததும்

நினைவு ஒன்றா, பலவா? இதற்கு விடை தந்தவர் ஹென்றி மொலேசன் என்னும் அமெரிக்கர். உயிரோடு இருந்தவரை அவர் பெயரை வெளியிடாமல், முதலெழுத்துகளால் மட்டுமே ஆய்வாளர் குறித்து வந்தனர். கடும் வலிப்பு நோயால் துன்புற்ற அவருக்கு 1953-இல், தம் 27-ஆம் வயதில், மூளையின் இருபுறத்தும் ஹிப்போகேம்பஸ் என்னும் பகுதியின் பெரும்பாகமும் அதனை ஒட்டிய பகுதிகளும் அறுவை செய்து நீக்கப்பட்டன. வலிப்பு பெரிதும் குறைந்தது. ஆயின் அன்று முதல் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் மனத்தில் தங்கவில்லை. பேசிக்கொண்டிருந்தவர் அறையை விட்டுச் சென்று திரும்பினால், புதியவரைக் காண்பதுபோல் மீண்டும் அறிமுகம் செய்துகொள்வார். பல்லாண்டுகள் தம்மை ஆராய்ந்த பிரெண்டா மில்னர் அம்மையாரையும் அவர் ஒவ்வொரு முறையும் புதிதாகவே சந்தித்தார். இளமையின் செய்திகள் மட்டும் இருந்தன. அறிவுக் கூர்மையும் குன்றவில்லை.

மில்னர் அம்மையார் அவருக்கு ஒரு பயிற்சி கொடுத்தார். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை மட்டும் பார்த்து ஒரு நட்சத்திர வடிவின் மேல் கோடு வரைய வேண்டும். எவருக்கும் முதலில் கை தடுமாறும். மூன்று நாள் பயிற்சியில் மொலேசன் மிக நன்றாக வரையக் கற்றார். ஆனால் ஒவ்வொரு நாளும், இத்தகைய பயிற்சியை முன்பு செய்ததே இல்லை என்றார். கை கற்றது, கற்றதை அவர் அறியவில்லை. இதிலிருந்து செய்திறனைப் பற்றிய நினைவு வேறு, நிகழ்ச்சியைப் பற்றிய நினைவு வேறு என்பது ஐயமின்றிப் புலனாயிற்று. 1972-இல் எண்டல் டல்விங் என்பார், நிகழ்ச்சி நினைவையும் பொது அறிவாகிய பொருள் நினைவையும் பிரித்துக் காட்டினார். அரசமரத்தின் பெயர் அறிவது ஒன்று. அம்மரத்தடியில் அமர்ந்திருந்த ஒரு மாலையை நினைப்பது மற்றொன்று.

மொலேசன் 2008-இல் மறைந்தார். தம்மால் பிறர்க்கு உதவி விளைகிறது என்பதில் அவர் மகிழ்ந்திருந்தார் என்று அவரோடு பழகிய ஆய்வாளர் எழுதியுள்ளனர்.

கட்டி எழுப்பப்படும் நினைவு

இனி, குதிர் உவமை அடியோடு சாயும் இடத்திற்கு வருகிறோம். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஃபிரெடெரிக் பார்ட்லெட், வட அமெரிக்கப் பழங்குடி மக்களின் கதை ஒன்றை ஆங்கில மாணவர்களுக்குப் படிக்கக் கொடுத்துப் பல்வேறு இடைவெளிகளில் திருப்பி எழுதச் செய்தார். அவருடைய நூல் 1932-இல் வெளிவந்தது. கதை சுருங்கியது வியப்பன்று. மாறிய விதமே வியப்பு. மரத்தைக் குடைந்து செய்த சிறு தோணி, அவர்கள் நாட்டுப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. பொருள் விளங்காத ஆவிகள் கதையிலிருந்தே மறைந்தன. மாணவர் எவரும் வேண்டுமென்றே திருத்தவில்லை. எஞ்சிய சில துணுக்குகளை வைத்துக்கொண்டு, தத்தம் பழக்கத்திற்கு ஏற்பக் கதையை மனமே புதிதாகக் கட்டிற்று.

1974-இல் எலிசபெத் லாஃப்டஸ் அம்மையாரும் ஜான் பாமரும் கார் விபத்துப் படங்களை மாணவர்களுக்குக் காட்டினர். பின்னர், கார்கள் ‘மோதி நொறுங்கியபோது’ என்ன வேகம் என்று சிலரையும், ‘தொட்டபோது’ என்ன வேகம் என்று சிலரையும் வினவினர். முன்னவர் சராசரி மணிக்கு 40 மைல் என்றனர். பின்னவர் 32 மைல் அளவில் நின்றனர். மற்றொரு சோதனையில், ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைக் கண்டீர்களா என்று கேட்டனர். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. ஆயினும் ‘நொறுங்கிய’ என்ற சொல்லைக் கேட்டிருந்த 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றனர். வேகத்தைப் பற்றி எதுவும் வினவப்படாத 50 பேரிலோ 6 பேரே அவ்வாறு கூறினர். கேள்வியில் இருந்த ஒரு சொல், கண்ட காட்சியினுள் புகுந்துவிட்டது.

மனத்தைத் தைத்த நிகழ்ச்சியாயின் இங்ஙனம் மாறாது என்று கூறுவோர் உண்டு. 1986-ஆம் ஆண்டு ஜனவரி 28-இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்துச் சிதறியது. மறுநாள் காலையிலேயே, அச்செய்தியை எங்கே, எவர் வாயிலாகக் கேட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் என்னும் உளவியலார் தம் மாணவர்களை எழுதித் தரச் செய்தார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் கழித்து அவர்களுள் 44 பேரை மீண்டும் வினவினார். 11 பேர் கூறியதில் ஒன்றேனும் பழைய குறிப்போடு பொருந்தவில்லை. தவறாகக் கூறியவர்களுள் பலர் மிக உறுதியோடு கூறினர். தம் கைப்பட எழுதிய தாளைக் காட்டிய பின்னும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை. உறுதி என்பது உண்மைக்கு அளவுகோல் ஆகாது என்பதை இதனினும் அழுத்தமாக எங்ஙனம் கூற இயலும்?

இதனால் விளையும் கேடு சிறிதன்று. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் 1984-இல் ஒரு கல்லூரி மாணவி வன்கொடுமைக்கு ஆளானார். தீயவனைப் பின்னர் அடையாளம் காட்டியே தீர்வது என்று அவ்வேளையிலும் அவன் முகத்தைக் கூர்ந்து நோக்கினார். காவலர் காட்டிய படங்களிலிருந்து ரொனால்ட் காட்டன் என்பவரைத் தேர்ந்தார். அணிவகுப்பிலும் அவரையே காட்டினார். முன்பு தேர்ந்த அதே ஆள்தான் என்று காவலர் கூறவே, அவருடைய உறுதி வலுத்தது. பின்னர் உண்மைக் குற்றவாளியே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டபோது, இவனை நான் கண்டதே இல்லை என்றார். நினைவில் இருந்த முகம் அதற்குள் காட்டனின் முகமாகிவிட்டது. மரபணுச் சோதனையால் உண்மை வெளிப்பட்டு 1995-இல் காட்டன் விடுதலையானபோது, பத்தாண்டுகளுக்கு மேல் சிறையில் கழிந்திருந்தன. அம்மாணவி பொய் சொல்லவில்லை என்பதே இவ்வழக்கின் கொடுமை.

இவ்விடத்தில் நம் தருக்க நூல்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிற தரிசனங்கள் பலவும் நினைவைப் பிரமாணமாகக் கொள்ளத் தயங்கின. சமண ஆசாரியர்களோ ஸ்மிருதியைப் பரோட்சப் பிரமாணங்களுள் ஒன்றாக வைத்தனர். ஆயினும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்றாரல்லர். மாணிக்கியநந்தி ஆசாரியர் தம் பரீட்சாமுகத்தில் நினைவுப் போலியையும் தனியே எடுத்துக் கூறி, அதற்கு எடுத்துக்காட்டாக ஜினதத்தனைத் தேவதத்தன் என்று நினைப்பதைக் காட்டியுள்ளார். ஓர் ஆளை மற்றோர் ஆளாக நினைப்பது! இக்கால உளவியல் முழுவதும் பழைய நூல்களில் உண்டு என்று பறைசாற்றும் வழக்கம் நமக்கு உடன்பாடன்று. சோதனையால் அளந்தறிதல் புதியதே. எனினும் நினைவை மதித்தல், அதனைத் தேர்ந்து பார்த்தல் ஆகிய இரண்டும் ஒருங்கே வேண்டும் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர்.

மேலே கூறிய பாகப்பிரிவினைக்குத் திரும்புவோம். தந்தையார் கூறியதைத் தமையன் நூறு முறை மனத்தில் ஓட்டிப் பார்த்திருப்பார், தம்பியும் அவ்வாறே. ஒவ்வொரு முறையும் தத்தம் எதிர்பார்ப்பும் மனக்குறையும் பிறர் சொன்ன சொல்லும் அதில் சிறிது சிறிதாகக் கலந்திருக்கும். இருவரும் உண்மையே பேசுவதாக நம்பிக்கொண்டு பகைத்து நிற்கின்றனர். இதற்கு உபதேசத்தைவிடத் தாளும் எழுதுகோலுமே தக்க மருந்து. பேசிய அன்றே எழுதி, இருவரும் கையொப்பம் இட்டு வைப்பது நம்பிக்கைக் குறைவைக் காட்டுவதாகாது.

பிள்ளைகளின் படிப்பு

நினைவு கட்டி எழுப்பப்படுவது என்பதில் நன்மையும் உண்டு. கட்டக் கட்டக் கை தேர்ச்சி பெறும் அன்றோ? ரோடிகர், கார்ப்பிக் என்னும் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர் ஒரு பகுதியைப் படித்தனர். பின்னர் ஒரு சாரார் அதனை மீண்டும் படித்தனர். மறுசாரார் நூலை மூடிவிட்டு நினைவில் உள்ளதை எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவரே சற்று முன்னின்றனர். ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று: மீண்டும் படித்தவர் 42 விழுக்காடும், மூடி எழுதியவர் 56 விழுக்காடும் நினைவுகூர்ந்தனர்.

திரும்பப் படிக்கும்போது எழுத்துகள் பழகிய முகம்போல் தோன்றும். அத்தோற்றமே தெரிந்துவிட்டது என்ற மயக்கத்தைத் தருகிறது. மூடிவிட்டு முயலும்போது பிள்ளை திணறும். அத்திணறலே பயன் தருவது. ஆகவே, உரக்கப் படி என்று ஏவும் பெற்றோர், நூலை வாங்கி வைத்துக்கொண்டு, படித்ததைச் சொல் பார்ப்போம் என்று கேட்பது நன்று. அன்று ஒரு முறை, இரு நாள் கழித்து ஒரு முறை, அடுத்த வாரம் ஒரு முறை என்று இடைவெளி விட்டுக் கேட்டால் இன்னும் நன்று. நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், பாயிரத்தில் நூல் பயிலும் முறையைக் கூறுமிடத்து, கேட்டவற்றை நினைத்தலையும் உடன் பயில்வோரோடு வினவி விடை கூறுதலையும் சேர்த்துள்ளார். நம் முன்னோர் திண்ணையில் பயின்ற முறையும் இதுவே. உருப்போடுவதை மட்டும் வைத்துக்கொண்டு வினாவை விட்டது பிற்காலத்தார் குறை.

படித்தபின் உறங்குதலும் படிப்பின் பகுதியே. 1924-இல் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்னும் இருவர், கற்றபின் உறங்கியவர் விழித்திருந்தவரைவிடக் குறைவாகவே மறக்கின்றனர் என்று காட்டினர். பிற்கால ஆய்வுகள் இதனை உறுதி செய்துள்ளன.

முதியோர்

முதியவரிடம் தம் வாழ்வை நினைவுகூரச் சொன்னால், ஏறத்தாழ பத்து வயது முதல் முப்பது வயது வரை நிகழ்ந்தவையே மிகுதியாக வெளிப்படுகின்றன என்பதை உளவியலார் பலமுறை கண்டுள்ளனர். ஆகவே பாட்டியார் பழங்கதையை விரிவாகக் கூறுவதும் அண்மைச் செய்தியில் தடுமாறுவதும் நடிப்பன்று. பெயர் உடனே வாய்க்கு வராமை, மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் மறத்தல் ஆகியன வயதின் இயல்பு. பழகிய தெருவில் வழி தவறுதல், சற்றுமுன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டல், பல்லாண்டு சமைத்த பண்டத்தின் முறை குழம்புதல் ஆகியன தோன்றினால் அது வேறு. அல்சைமர் நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் பகுதியையும் அதன் அயலையும் முதலில் தாக்குவதால், புதிய செய்திகளே முன்னர்க் கழிகின்றன. பழகிய செய்திறன் நெடுநாள் நிற்கும். நாள்தோறும் ஓதி வந்த பஞ்ச நமஸ்காரத்தைத் தடையின்றி ஓதுகிறாரே, இவருக்கு என்ன நோய் என்று அயர்ந்துவிடலாகாது.

மறதி மிகுந்தால் எல்லாம் முதுமை என்று விட்டுவிடவும் வேண்டா. தைராய்டு குறைபாடு, மனச்சோர்வு, செவிக் குறை, சில தூக்க மருந்துகள் ஆகியவற்றாலும் நினைவு மங்கும். இவற்றுக்குத் தீர்வு உண்டு. நம் குடும்பங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டுவது வைட்டமின் பி12 குறைபாடாகும். இச்சத்துத் தாவர உணவில் இயல்பாகக் கிடைப்பதில்லை. புலால் உண்ணாத நமக்குப் பாலும் தயிருமே முதன்மையான வழி. முதுமையில் உணவு சுருங்கும்போதும், உடல் அதனை ஏற்கும் ஆற்றல் குறையும்போதும் குறைபாடு நேரும். கை கால் மரத்தல், நடையில் தள்ளாட்டம், சோர்வு, மறதி ஆகியன அதன் அறிகுறிகளுள் சில. இதற்காக உணவு நெறியை மாற்ற வேண்டுவதில்லை. மருத்துவரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்து, குறைவு காணப்படின் அவர் கூறும் மாத்திரை அல்லது ஊசியால் ஈடு செய்யலாம். பி12 மருந்து நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரிக்கப்படுவது என்பதையும், சில மாத்திரைகளின் கூட்டினுள் விலங்குப் பொருளாகிய ஜெலட்டின் இருப்பதுண்டு என்பதையும் அறிந்து, அது சேராததைக் கேட்டு வாங்குக. நெடுநாள் கவனியாது விட்டால் நரம்புக்கு நேரும் கேடு முழுதும் மீளாமற் போகலாம். அறுபது வயது கடந்தோர் உள்ள இல்லங்கள் இச்சோதனையைத் தள்ளிப்போடாதிருத்தல் நலம்.